ஆண் பிலா

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில தெற்கில கடை எரிஞ்சு, காங்கேசன்துறையில கப்பலால வந்து இறங்கின ஆக்கள் ஆளுக்கொரு சாமான் கொண்டு வந்தவை. சில பேர் பெண்சாதியின்ர நகையை இடுப்பில முடிஞ்சுகொண்டு வந்தவை. ஒரு மனுசன் தையல் மிசினின்ர தலையை மட்டும் கழட்டித் தோளில வைச்சுக்கொண்டு வந்தவராம். என்ர ஐயா சேட்டுப் பொக்கற்றுக்குள்ள ஒரு பிடி பிலாக்கொட்டை கொண்டு வந்தவர். பாதி ஆயுசை யாவாரத்தில கழிச்ச மனுசன் எங்களுக்கெண்டு காப்பாத்திக்கொண்டு வந்த ஆதனம் அவ்வளவுதான்.

அம்மா கொட்டையை வாங்கிப் பாத்திட்டு, "அவிக்கிறதோ, சுடுறதோ?" எண்டு கேட்டவ.

"நடுறது" எண்டார் ஐயா.

அவர் கடை வைச்சிருந்தது இரத்தினபுரிப் பக்கம். அங்கை பிலாவை ஆரும் நட்டு வளர்க்கிறதில்லையாம். மழைக்காட்டுக்குள்ள அது தன்ர பாட்டில முளைச்சு, தன்ர பாட்டில காய்ச்சு, குரங்கும் சனமும் திண்டு மிஞ்சினது நிலத்தில கிடந்து அழுகுமாம். அந்த மரத்தைக் கொண்டுவந்து புங்குடுதீவில வைக்கப் போறாராம். எங்கட தீவில வரியத்தில முக்கால்வாசி நாள் வானத்துக்கு எங்களை ஞாபகமே வராது. ஒரு முழம் கிண்டினால் கல்லு. கல்லுக்குக் கீழ கிண்டினால் உவர்த்தண்ணி. அந்த மண்ணில சீவிக்கப் பழகினது பனையும் ஆடும் நாங்களும்தான். அதிலையும் பனை ஒண்டுதான் வாய் திறந்து குறை சொல்லாமச் சீவிச்சது.

நட்டது ஒரு பிடி. முளைச்சது மூண்டு. அதில ரெண்டை ஆடு திண்டிட்டுது. மிஞ்சின கண்டைக் கிணத்தடியில, உடுப்புத் தோய்க்கிற தண்ணி ஓடுற வாய்க்கால் கரையில விட்டு, சுத்திப் பனையோலைக் கூடு கட்டி ஐயா காவல் இருந்தார். சவுக்காரத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு அது வளந்தது. எனக்குக் கலியாணம் பேசுற நேரம் அது வீட்டுக் கூரைக்கு மேல தலையை நீட்டிக்கொண்டு நிண்டது.

எங்கட பக்கத்தில வீடு பொம்பிளைக்குத்தான். மாப்பிளை ஒரு பெட்டியோட வந்து ஏறுவார். எனக்கும் வீடு, வளவு, கிணறு எல்லாம் சீதனமா எழுதினவை. வளவில நிண்ட பனையையும் தென்னையையும் எழுதின நொத்தாரிசு, பிலாவை எழுதேல்லை. காய்ச்சால் பாப்பம் எண்டிட்டாராம். கலியாணம் முடிஞ்சு கொஞ்சக் காலத்தில ஐயாவும் அம்மாவும் ஒருவர் பின்னால ஒருவராப் போய்ச் சேர்ந்திட்டினம். வீட்டில நானும், கிணத்தடியில அந்த மரமும் மிஞ்சினம்.

புருசன் எங்கை எண்டு கேப்பியள். இவர் கொழும்பில ஒரு சொந்தக்காரற்ற கடையில நிண்டவர். பொங்கலுக்கு வருவார், சித்திரைக்கு வருவார், தீவாளிக்கு வருவார். வந்து, நித்திரை கொண்டு, கோயிலுக்குப் போய், தாய் வீட்டை போய், ஒண்டுவிட்ட சொந்தம் ரெண்டுவிட்ட சொந்தம் எல்லாம் பாத்து, மிஞ்சின நேரத்தில எனக்குப் புருசனா இருந்திட்டு பஸ் ஏறுவார். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோவன் எண்டு கேட்டால், "கடைக்கு மேல ஏழெட்டுப் பேர் பாய் போட்டுப் படுக்கிறம். நீர் எங்கை படுக்கிறது?" எண்டு கேப்பார். அதுக்கு மேல ஏதும் கேட்டால் "பாப்பம்" எண்டுவார். அந்த மனுசன் தன்ர சீவியத்தில கூடப் பாவிச்ச சொல்லு அதுதான்.

ரெண்டு வரியம் சனம் பொறுத்தது. மூண்டாம் வரியம், உவர் குறைஞ்ச எங்கட கிணத்தில தண்ணி அள்ள வாற பொம்பிளையளிட்டை இருந்து கேள்வி துவங்கிச்சு. "என்ன பிள்ளை, விசேசம் ஒண்டும் இல்லையோ?" இவர் பஸ்ஸால இறங்கினால் "எப்பிடித் தம்பி யாவாரம்?" எண்டு கேப்பினம். நான் பஸ்ஸில ஏறினால் என்ர வயித்தைப் பாப்பினம். மலடி எண்ட சொல்லை ஆரும் என்ர முகத்துக்கு நேர சொன்னதில்லை. எங்கட சனம் மரியாதை தெரிஞ்ச சனம். நான் நாலடி தள்ளிப் போகுமட்டும் பொறுத்திருந்து சொல்லுவினம்.

உண்மையைச் சொன்னால், பிள்ளை இல்லாத கவலையைவிட அந்தச் சொல்லின்ர கவலைதான் எனக்குப் பெரிசாப் போச்சு. வெள்ளிக்கிழமை விளக்கு வைச்சுக் கும்பிடேக்கை பிள்ளை வேணும் எண்டு கேக்கிறதை நான் விட்டிட்டன். "அம்மாளே, இந்தப் பேரை என்னில இருந்து இறக்கிவிடு" எண்டு மட்டும்தான் கேட்டனான்.

மாமி, இவற்ர தாய், இறுப்பிட்டியில இருந்து வெள்ளிக்கு வெள்ளி வருவா. மகன் இல்லாத வீட்டுக்கு இந்த மனுசி ஏன் இப்பிடி ஓடி ஓடி வருது எண்டு நினைக்காதேங்கோ. மரத்தைப் பாக்க வாறவ. பிலா அப்ப நல்லா ஓங்கி வளந்திட்டுது. கூழ் காய்ச்சிற வீட்டுக்காரர் எல்லாம் எங்கட வளவுக்கு வந்து, கோப்பை மாதிரிக் கோலிக் கூழ் குடிக்கிறதுக்கு இலை ஆய்ஞ்சுகொண்டு போவினம். இலை தாராளம். காய்தான் இல்லை.

காய்க்காத மரத்துக்கு எங்கட பக்கத்தில ஒரு வைத்தியம் இருக்கு. அதுக்கு ரோசம் வரப் பண்ணுறது. பழஞ்செருப்பும் தேஞ்ச விளக்குமாறும் கயித்தில கோத்து மரத்தின்ர கழுத்தில கட்டவேணும். இன்னொரு விளக்குமாத்தால அடிக்கவேணும். ஒரு ஆம்பிளை கோடாலியோட வந்து நிண்டு "வெட்டட்டோ?" எண்டு கேக்கவேணும். வீட்டுப் பொம்பிளை ஓடிவந்து "வெட்டாதேங்கோ, வாற வரியம் காய்க்கும்" எண்டு மண்டாடவேணும். கோடாலி பிடிச்சது மாமியின்ர தமையன். வீட்டுப் பொம்பிளை நான்.

"ஊத்தின தண்ணியெல்லாம் எங்கை போச்சு?" எண்டு மாமி ஒரு அடி போட்டா. "இந்தத் தண்ணியை ஒரு தென்னைக்கு ஊத்தியிருந்தால் எத்தினை குலை தள்ளியிருக்கும்! பேருக்கு ஒரு பிஞ்சு? ஒரேயொரு பிஞ்சு? வெக்கமில்லாம இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியே!"

அடி மரத்தில விழுந்தது. அவவின்ர கண் என்னில இருந்தது. வேலிக்கு வெளியில நிண்டு முன்வீட்டு அக்காவும் அவவின்ர பிள்ளையளும் பாத்துக்கொண்டு நிண்டினம். தமையன் கோடாலியை ஓங்கி "வெட்டட்டோ?" எண்டார்.

"வெட்டாதேங்கோ" எண்டன். "வாற வரியம் காய்க்கும்."

"பலத்துச் சொல்லு, மரத்துக்குக் கேக்கவேணும்" எண்டா மாமி.

பலத்துச் சொன்னன். மரத்துக்குக் கேட்டுதோ தெரியாது, ஊருக்குக் கேட்டுது. எனக்கு ரோசம் வந்தது. மரத்துக்கு வரேல்லை. அது வரியா வரியம் நடந்தது, நானும் வரியா வரியம் பிணை நிண்டனான். சித்திரைக்கு வந்த இடத்தில இவருக்குச் சொன்னன், உங்கட அம்மாவுக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ எண்டு. நிலத்தைப் பாத்துக்கொண்டு "பாப்பம்" எண்டார்.

பிறகொரு வரியம் மரத்தில பூ வந்தது. கொப்பு நுனியில விரல் மொத்தத்தில, பச்சையாய், தோல் சொரசொரத்தபடி. மாமிக்குத் தலைகால் தெரியாத புளுகம். தன்ர செருப்பின்ர மகிமையை இறுப்பிட்டி முழுக்கச் சொல்லிப்போட்டா. ரெண்டு கிழமையில எல்லாம் கறுத்துப் பொலுபொலெண்டு கொட்டிச்சு. அடுத்த வரியமும் அதே கதை.

மாமி தமையனைக் கூட்டிக்கொண்டு வந்தவ. அந்த மனுசனுக்குப் பெரிய பனங்காணி இருந்தது. எங்கட தீவில பனையைத் தெரிஞ்சவனுக்கு உலகத்தில உள்ள மரமெல்லாம் தெரியும். விழுந்து கிடந்த பூவில ஒண்டை எடுத்து நசிச்சு, மணந்து, மரத்தை அண்ணாந்து பாத்து, ஒரு செருமல் செருமிப்போட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"தங்கச்சி, இது ஆண். பனையில ஆண்பனை இல்லையோ? பாளை விடும், காய்க்காது. இதுவும் அப்பிடித்தான். இது ஆண் பிலா. சென்மத்துக்கும் காய்க்காது. அதில அதின்ர பிழை ஒண்டும் இல்லை."

பிலாவில ஆண்மரம் பெண்மரம் எண்டு ரெண்டு சாதி கிடையாது, ரெண்டு பூவும் ஒரே மரத்தில வரும், பூக்கத் துவங்கின புதுசில ஆண்பூ மட்டும் வந்து கொட்டுண்டு போகும் எண்டதெல்லாம் நான் பிறகுதான் அறிஞ்சனான். அண்டைக்கு எனக்கும் பனைதான் படிப்பு. நானும் நம்பினன்.

அண்டைக்கு அந்த வளவில நடந்ததை நீங்கள் பாத்திருக்க வேணும். "ஐயோ கடவுளே, ஆம்பிளை மரத்துக்கெல்லே செருப்பைக் கட்டிப்போட்டன்!" எண்டு மாமி வாயில அடிச்சா. தன்ர கையாலையே விளக்குமாத்தையும் செருப்பையும் அவிழ்த்து எறிஞ்சா. ஒரு வாளி தண்ணி அள்ளி மரத்தின்ர அடியைக் கழுவிவிட்டா. பாவம், வாயில்லாச் சீவன், அடியெல்லாம் வாங்கிக்கொண்டு நிண்டுதே எண்டு தடவியும் குடுத்தா. எனக்கு அந்த மரத்தில வந்த பொறாமை சொல்லேலாது.

வாய் சும்மா இருந்துதோ? "அப்ப மாமி," எண்டு கேட்டன், "காய்க்காட்டில் அது ஆம்பிளையாகவும் இருக்கலாம் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, என்ன?"

தமையனுக்குத் திரும்பவும் செருமல் வந்தது. மாமி என்னை ஏற இறங்கப் பாத்தா. "உனக்கு வாய் நீண்டு போச்சு" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு நடந்தா.

அந்த வாய்க்கு எனக்குப் பரிசு அடுத்த மாசம் வந்தது. சுருவிலில ஒரு பெட்டை இருக்குதாம், நல்ல அடக்கமாம், இவருக்குக் கேட்டுப் பாத்தால் என்ன எண்டு பேச்சுக்கால் துவங்கியிருக்கினம். மாமி என்னட்டைக் கதிரையில இருந்து ஆறுதலாத்தான் சொன்னவ. "உன்னை ஆர் எழுப்பினது? நீ பாட்டுக்கு இந்த வீட்டிலையே இரு. அவன் அங்கையும் இருப்பான், இஞ்சையும் வந்து போவான்." என்ர ஐயா கட்டின வீட்டில என்னை இருக்கவிட்ட அந்தப் பெரிய மனசுக்கு நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். அவ போனாப் பிறகு குசினிக்குள்ள போய், ஒரு பானை உடைச்சன். நல்ல பானை.

பெட்டைக்குக் குடுக்கிறதுக்கு ஒரு அலுமாரியும் செய்யவேணுமாம். ஆண்மரந்தானே, சும்மா ஏன் நிக்குது, பிலாப் பலகை அலுமாரிக்கு நல்லது எண்டா மாமி. மரம் என்ர மரம். நான் ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. காய்க்காதது ரெண்டு ஒரே வளவில நிண்டு ஊருக்கு வேடிக்கை காட்டினது காணும் எண்டு எனக்கும் பட்டுது. வெட்டுங்கோ எண்டிட்டன். சித்திரைக்கு இவரும் நிக்கேக்கை தறிக்கிறதெண்டு முடிவாச்சு.

அது அரிசிக்கும் பாணுக்கும் சனம் வரிசையில நிண்ட காலம். வரியம் பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னம் வளவெல்லாம் பிலாப்பழ மணம் அடிக்கத் துவங்கிச்சு. மாமி வந்து மூக்கை உறிஞ்சினா. "சாவகச்சேரிச் சந்தையில பழம் வாங்கி ஒளிச்சு வைச்சுத் தின்னுறாய் போல? ஊர் மரவள்ளிக்கு அலையுது, உனக்குப் பிலாப்பழம் கேக்குது!" கட்டிலுக்குக் கீழ பாத்தா. அரிசிப் பெட்டிக்குள்ள பாத்தா. பறணில ஏறுறதுக்கு முழங்கால் விடேல்லை. நான் சத்தியம் பண்ணினன், நம்பேல்லை. எனக்கே ஒரு கட்டத்தில நான் திண்டிட்டனோ எண்டு சந்தேகம் வந்திட்டுது.

தறிக்கிற ஆக்கள் ரெண்டு பேர் வந்தவை. இவர் சறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிண்டார். மாமி, தமையன், வேலிக்கு மேலால முன்வீட்டு அக்கா. அடிமரத்தைச் சுத்தி வரியக்கணக்கா நான் கூட்டித் தள்ளின சருகும் சாம்பலும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. கோடாலி போட முந்தி அதை மண்வெட்டியால இழுத்தவை. ரெண்டு இழுவை. அவ்வளவுதான், மணம் முகத்தில அடிச்சுது.

வேரோட ஒட்டி, பாதி மண்ணுக்குள்ள, நிலத்தை வெடிக்கப் பண்ணிக்கொண்டு கிடந்தது பழம். ஒராள் தூக்கேலாத பழம். பக்கத்தில இன்னும் ரெண்டு பிஞ்சு. கொப்பைப் பாத்துக் கொப்பைப் பாத்து எங்களுக்குக் கழுத்து நொந்தது, ஒருத்தரும் குனிஞ்சு பாக்கேல்லை.

மாமி "அம்மாளாச்சி!" எண்டு கத்திக் கற்பூரம் தேடி ஓடினா. தமையன் மட்டும் அசரேல்லை. "ஆண்மரந்தான். நான் சொன்னது சரி. ஆனால் தங்கச்சி அடிச்ச அடியில அது மாறியிருக்கு" எண்டார். அந்த மனுசனை நான் இண்டைக்கும் மெச்சிறன். எந்தப் பிழையிலையும் அவர் விழுந்ததை ஒருத்தரும் காணேல்லை.

தறிக்க வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டு, பால் ஒட்டாமக் கையில தேங்காயெண்ணை பூசிக்கொண்டு குசினி வாசலில இருந்து நான் பழத்தைப் பிளந்தன். மாமி பக்கத்தில இருந்து சுளை எடுத்தா. இவர் பழத்தைப் பாத்தபடி மண்ணில குந்திக்கொண்டிருந்தார். ஒரு சுளையும் தொடேல்லை.

"அம்மா," எண்டார். "அந்தச் சுருவில் கதையை விட்டிடுங்கோ."

"ஏனடா? மரம் காய்ச்சிட்டுதெண்டோ?"

"இல்லை. அந்தப் பிள்ளையைக் கட்டினாலும் பிள்ளை வராது. குறை என்னில. கொழும்பில டாக்குத்தரிட்டைக் காட்டினனான். எனக்குப் பிறக்காதாம்."

"எப்ப காட்டினனீங்கள்?" எண்டு கேட்டது நான்.

அவர் நிமிரேல்லை. "நீர் இந்த மரத்துக்காக முதல் மண்டாடின வரியம்."

கையில கத்தி இருந்தது. இதை நான் பகிடிக்குச் சொல்லேல்லை. அந்த வரியத்தில இருந்து எத்தினை வெள்ளிக்கிழமை, எத்தினை விளக்குமாறு, எத்தினை "பாப்பம்"! எல்லாம் தெரிஞ்சுகொண்டு இந்த மனுசன் பஸ் ஏறிப் போய் வந்திருக்கு. கத்தியை எட்ட வைச்சிட்டு, எண்ணைக் கையை மடியில துடைச்சன். தமையன் ஒரு சுளையை வாயில போட்டு, "நல்ல தேன் மாதிரி இருக்கு" எண்டார்.

மாமிதான் முதலில தெளிஞ்சா. என்ர ரெண்டு கையையும் பிடிச்சா. "மோனை," எண்டா. கலியாணம் முடிஞ்ச நாளில இருந்து அண்டைக்குத்தான் நான் அவவுக்கு மோனை. "இது இந்த வளவோட இருக்கட்டும் மோனை. அவன் ஆம்பிளை, நாலு இடம் போய் வாறவன். ஊர் அறிஞ்சால் அவன் எப்பிடித் தலை நிமிர்ந்து நடக்கிறது? உனக்கெண்டால் இது பழகிப்போச்சு."

"ஏலாது மாமி" எண்டன்.

அவ அழுதா. நான் அசையேல்லை. பின்னேரம் பாதிப் பழத்தையும் கட்டிக்கொண்டு இறுப்பிட்டிக்குப் போனா. நான் இவரைப் பாத்துச் சொன்னன்: "இஞ்சேருங்கோ, நாளைக்குக் கிணத்தடியில ஆக்கள் வருவினம். நீங்களே உங்கட வாயால சொல்லவேணும். சொல்லாட்டில் பஸ் ஏறினால் ஏறினதுதான், இந்தப் படலைக்குள்ள திரும்பி வராதேங்கோ. இது என்ர வீடு."

"பாப்ப..." எண்டு துவங்கினவர், என்ர முகத்தைப் பாத்திட்டு "சரி" எண்டார்.

நான் அண்டைக்குக் கோயில் பக்கம் பாத்துக் கும்பிட்டன். என்ர பேர் இறங்கப் போகுது எண்டு நினைச்சன்.

சொன்ன மாதிரியே சொன்னார், அதில குறை சொல்லக்கூடாது. காலமை முன்வீட்டு அக்கா வாளியோட வந்து, "மரமே காய்ச்சிட்டுது, இனி நீயும் ஒண்டைப் பெத்துப்போடு பிள்ளை" எண்டு சிரிக்க, பல் தீட்டிக்கொண்டு நிண்ட இவர் வாயைக் கொப்பளிச்சிட்டு நேர வந்தார். தண்ணி அள்ள வந்த இன்னும் மூண்டு நாலு பேர் நிண்டினம். "அக்கா, அவவை இனி ஒண்டும் கேக்காதேங்கோ. அவவில ஒரு குறையும் இல்லை. குறை என்னில" எண்டு பலத்துச் சொன்னார். சொல்லிப்போட்டு வீட்டுக்குள்ள போயிட்டார்.

முன்வீட்டு அக்காவின்ர கண் கலங்கிச்சு. வாளியை நிலத்தில வைச்சிட்டு என்ர தோளைப் பிடிச்சா. "பாத்தியோ பிள்ளை! தங்கமான மனுசன். உன்னைக் காப்பாத்திறதுக்கு ஒரு ஆம்பிளை இப்பிடியொரு பொய்யைத் தன்ர தலையில தூக்கிப் போடுறான். எங்கட வீட்டில இருக்கிறதுகள் செய்யுமோ? நீ அந்த மனுசன்ர காலைக் கழுவிக் குடிக்கவேணும்." மற்றவையும் தலையாட்டினவை. ஒருத்தி மூக்கைச் சிந்தினா.

"அது பொய் இல்லை அக்கா" எண்டன். "உண்மை. டாக்குத்தரே சொன்னவர்."

அக்கா கையை எடுத்திட்டா. "உனக்காக அந்த மனுசன் சொன்ன பொய்யை எடுத்து அந்த மனுசனுக்கு மேலையே போடுறியே. நீயும் ஒரு பொம்பிளையோ?"